கழற்றி எடுக்கிற பட்டறை

வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவன் பெட்டியில் என்ன இருக்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். டேப் ரெக்கார்டர், செண்ட் பாட்டில், கோடாலித் தைலம், வீட்டுப் பெண்களுக்கு வழுவழுவென்று ஒரு சேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வளைகுடாவிலிருந்து நான் திரும்பி வந்தபோது என் பெட்டியில் பாதிக்கு மேல் ஸ்க்ரூ இருந்தது. தானே துளை போட்டுக்கொண்டு தகட்டுக்குள் இறங்குகிற ஸ்க்ரூ. கூடவே அதை முடுக்குகிற மின்சாரத் துப்பாக்கி ஒன்று. அந்த ஸ்க்ரூ அப்போது கோயமுத்தூரில் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அது கிடைக்காமல் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கக்கூடியவர்கள் நிறைய இருந்தார்கள் என்பதும் தெரியும்.

சரவணம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் இருந்த என் மாமனார் வீட்டில்தான் பெட்டியைத் திறந்தோம். சொந்தபந்தம் ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி மூடியைத் தூக்கினாள், உள்ளே பார்த்தாள், மெதுவாக மூடினாள். "பிரயாணத்துல களச்சுப் போயிருப்பாருங்க. அப்பறமாப் பாத்துக்கலாமுங்க" என்றாள். அவள் குரல் மாறவே இல்லை. எனக்குத்தான் காது இரண்டும் சுட்டது.

வளைகுடாவில் நான் செய்த வேலை சுவர் எழுப்புவது. செங்கல் சுவர் இல்லை. துத்தநாகம் பூசிய மெல்லிய இரும்புத் தகட்டைப் பெட்டி போல மடக்கி, அதைத் தூண்களாக நெருக்கி நெருக்கி நிறுத்தி, இரண்டு பக்கமும் பலகை வைத்து முடுக்கிவிட வேண்டும். தண்ணீர் வேண்டாம், மணல் வேண்டாம், காயவும் வேண்டாம். காலையில் வெறும் தரையாக இருக்கும் இடத்தில் சாயங்காலம் ஓர் ஆபீஸ் நிற்கும். ஒப்பந்தம் முடிந்து கம்பெனி எங்களை அனுப்பியபோது, அங்கே நான் புதிதாகக் கற்றிருந்த தொழில் அது ஒன்றுதான். அதற்கு முன்னால் பீளமேட்டில் லேத்து ஓட்டியிருந்தேன். மறுபடியும் லேத்து போட்டு, பம்ப்செட் ஷாஃப்ட் கடைந்து பிழைத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

என் சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். அப்பா இல்லை. இருந்த மேய்ச்சல் நிலத்தை அண்ணன்கள் பார்த்துக்கொண்டார்கள். அங்கே லேத்து போட்டால் ஆடுகள்தான் வந்து பார்க்கும். ஆகவே இடம் அமையும்வரை கொஞ்ச நாளைக்கு என்று மாமனார் வீட்டில் தங்கினோம். அந்தக் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் என் காதுபடச் சொல்லவில்லை. எங்கள் ஊர் மரியாதை அப்படி. சொல்லாமல் இருப்பதையே எல்லோரும் சேர்ந்து செய்வார்கள்.

மாமனார் என்னை ஒரு சொல் கடிந்திருந்தால் பிழைத்திருப்பேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. பேப்பர் வந்தால் முதலில் என் கையில் கொடுப்பார். நான் சாப்பிட உட்காராமல் அவர் உட்கார மாட்டார். தோப்புக்கு உரம் வைப்பதா வேண்டாமா என்பதற்குக்கூட "மாப்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்க" என்பார். தென்னைக்கு உரம் வைப்பதைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் கேட்பார், நானும் யோசிப்பதுபோல நின்றுவிட்டு "வெக்கலாமுங்க மாமா" என்பேன். அந்த நடிப்பு முடிந்ததும் எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருக்கும்.

ஒருநாள் ஈரோட்டிலிருந்து தேங்காய் வியாபாரி ஒருவர் வந்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னைக் காட்டி "இது யாருங்க?" என்று கேட்டார். "நம்ம மாப்ளைங்க. நம்மகூடவேதான் இருக்கறாருங்க" என்றார் மாமனார். அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது, அது பொய்யில்லை. வியாபாரி என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அட, அதுவும் நல்லதுதானுங்க" என்றார். அதுவும் நல்லது என்றால், வேறு எது அதைவிட நல்லது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதற்குப் பிறகுதான் மாமனார் இடம் கொடுத்தார். தோப்பு ரோட்டைத் தொடும் முனையில் நாலு தென்னை பட்டுப்போன இடம் ஒன்று இருந்தது. "சும்மாதான் கெடக்குதுங்க மாப்ளே. ரோட்டோரம் வேற. பட்டறை போட்டுக்குங்க" என்றார். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. லேத்து போடவேண்டும், சம்பாதிக்கவேண்டும், ஒருநாள் இந்தத் தோப்பை விட்டு என் சொந்த வாசலுக்குப் போகவேண்டும். இந்த மூன்றைத் தவிர எனக்கு அப்போது வேறு நினைப்பே இல்லை. கொடுத்த இடத்தை வாங்கிக்கொண்டேன். ஆனால் அந்த மண்ணில் ஒரு செங்கல்கூட வைப்பதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்தேன். போகும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகிறமாதிரி ஒரு பட்டறை கட்டுவேன். அதற்கு வேண்டிய ஸ்க்ரூ கட்டிலுக்கடியில் இருந்தது.

மனைவி கேட்டாள். "ஏனுங்க, எல்லாருமாட்ட செங்கல்லுல கட்டுனா ஆகாதுங்களா?"

"இது சீக்கிரம் முடியும்" என்றேன். அது உண்மைதான். அவள் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியைக் காலால் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டுப் போனாள்.

கணபதியில் தகடு மடக்கிக் கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. கோட்டைமேட்டு பாய் ஒருவர் நடத்தினார். நான் வரைந்து காட்டியதைப் பார்த்து, "தண்ணி போற வாய்க்காலுங்களா?" என்று கேட்டார். சுவர் என்றேன். பேப்பரைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். "செவுருங்களா?" என்று இன்னொருமுறை கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு மடக்கிக் கொடுத்தார். மடக்கியது அருமையாக இருந்தது. அவருடைய சிரிப்பும் அருமையாகத்தான் இருந்தது.

தரைக்கு மட்டும் கான்கிரீட் போட்டேன். அதைத் தவிர்க்க முடியாது, லேத்து ஆடும். தரை ஓரமாக வரிசையாக போல்ட்டுகளைத் தலைகீழாகப் புதைத்து மரை மேலே தெரியும்படி விட்டேன். அந்த போல்ட்டுகளின்மேல் அடிச் சட்டத்தை இறக்கி நட்டுப் போட்டால் சுவர் நிற்கும். நட்டைக் கழற்றினால் சுவர் வந்துவிடும். தூண்களை நிறுத்தினேன், மேல் சட்டம் பூட்டினேன், வெளிப்பக்கம் தகடு அடித்தேன். துப்பாக்கி விர்ரென்று கத்தும்போதெல்லாம் ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். சில பேர் அதற்குள் பெயரும் வைத்துவிட்டார்கள், தகர டப்பா என்று. பஸ் கண்டக்டர்கூட ஒருநாள் "தகர டப்பா எறங்குங்க" என்றார். நான் இறங்காமல் அடுத்த நிறுத்தம்வரை போய் நடந்து வந்தேன்.

முன்பக்கம் ஷட்டர் வருவதற்காக அகலமாக ஒரு திறப்பு விட்டிருந்தேன். அதன் இரண்டு பக்கமும் சுவர்த் துண்டுகளை ஒருநாள் சாயங்காலம் தூக்கி வைத்தேன். ஓரத்து நட்டுகளை மட்டும் கையால் அரைச் சுற்றுத் திருகிவிட்டு, ஷட்டர் வந்தபின் நேர் பார்த்து மற்றதைப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். கூரையும் இன்னும் போடவில்லை.

மறுநாள் காலையில் மாமனார் டிராக்டரில் வந்தார். பின்னால் டிரெய்லரில் சொந்தக்காரர்கள், வாழை இலை, சாப்பாட்டுப் பாத்திரங்கள். நடுவில், மஞ்சள் பூசி மாவிலை கட்டிய ஒரு நிலவு.

எங்கள் பக்கத்தில் வாசற்காலைத்தான் நிலவு என்போம். கட்டடம் கட்டினால் நல்ல நேரம் பார்த்து, அடியில் நவதானியமும் காசும் போட்டு, பால் விட்டு, முதலில் நிலவை நிறுத்துவார்கள். முட்டுக் கொடுத்து அது தனியாக நிற்கும். அதற்குப் பிறகு அதை அணைத்துக்கொண்டு செங்கல் சுவர் எழும்பும். பெண் கொடுத்த வீட்டிலிருந்து அது சீராக வருவதும் உண்டு. கிணற்றடி வேம்பை அறுத்து, தன் வீட்டு மாடிக்கென்று மாமனார் காய வைத்திருந்த கட்டைகள் எனக்குத் தெரியும். அதிலேதான் செய்திருந்தார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்திருக்கிறார்.

"நிலவு இல்லாம ஒரு கட்டடமுங்களா மாப்ளே? நீங்க வேலையில மறந்துபோட்டீங்கன்னு நாங்களே கொண்டாந்துட்டமுங்க" என்றார்.

நான் மறக்கவில்லை. வேண்டாம் என்றுதான் விட்டிருந்தேன். அதை எப்படி அத்தனை பேர் முன்னால் சொல்வது?

சுவர் முதலில் வந்துவிட்டது, நிலவு பின்னால் வருகிறது. இப்படி ஒரு கட்டடத்தை அவர்களில் யாரும் கண்டதில்லை. ஷட்டர் திறப்பின் நடுவில் நிலவை நிறுத்தினார்கள். அது ஏழெட்டு ஆள் சேர்ந்து தூக்குகிற கனம். இரண்டு பக்கமும் வெற்றிடம். முட்டுக் கொடுக்கக் கட்டை கொண்டுவரவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. "செவுத்தோட சேத்துக் கவுறு போட்டுக் கட்டுங்க" என்றார் மாமனார். நான் வாயைத் திறந்தேன். சுவர் இன்னும் முடுக்கப்படவில்லை என்று சொல்ல வேண்டியதுதான். ஏன் முடுக்கப்படவில்லை, சுவரை யாராவது முடுக்குவார்களா என்று கேள்வி வளரும். வாயை மூடிக்கொண்டேன்.

கயிறு கட்டினார்கள். பால் விட்டார்கள். என் மனைவி விளக்கு வைத்தாள். மலையடிவாரத்துத் தொண்டாமுத்தூரிலிருந்து வந்திருந்த அவளுடைய பெரியப்பா சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். டொங் என்றது. இன்னோரிடத்தில் தட்டினார், அங்கேயும் டொங்.

"உள்ளுக்குள்ள ஒண்ணுமே இல்லாதாட்டச் சத்தம் வருதுங்களே மாப்ளே?"

"ஒண்ணும் இல்லைங்க பெரிய மாமா. வெறும் தகடுதானுங்க" என்றேன்.

"எங்கூர்ப் பக்கம் இத வெச்சீங்கன்னா ஆனை வந்து தொடக்கூட வேண்டாமுங்க. மூச்சு உட்டாப் போதும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றால் இன்னும் கேவலம்.

யானை வரவில்லை. நிலவே போதுமானதாக இருந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல முன்பக்கம் சாய்ந்தது. கயிறு விறைத்தது. கயிற்றோடு என் சுவர்த் துண்டு ஒன்று முனகிக்கொண்டே அடிச் சட்டத்தோடு தரையை விட்டுக் கிளம்பியது. பெண்கள் கத்தினார்கள். ஆண்கள் ஓடிவந்து நிலவைத் தோளில் தாங்கினார்கள். நான் சுவரைத் தாங்கினேன், ஒற்றைக் கையால். அதன் கனம் அவ்வளவுதான், அதையும் எல்லோரும் பார்த்தார்கள். யாருக்கும் அடியில்லை. ஆனால் விளக்கு கவிழ்ந்து எண்ணெய் தரையெல்லாம் ஓடியது. விளக்கு கவிழ்வதற்கு எங்கள் பக்கத்தில் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

நிலவைக் கீழே படுக்க வைத்தபிறகு மாமனார் குனிந்து, தூக்கிக்கொண்டு நின்ற அடிச் சட்டத்தைப் பார்த்தார். தரையில் நிற்கும் போல்ட்டுகளைப் பார்த்தார். பிறகு பக்கச் சுவருக்குப் போய் அங்கேயும் குந்தி உட்கார்ந்து பார்த்தார். காலமெல்லாம் கிணற்று மோட்டாரைத் தானே கழற்றிப் பூட்டியவர். போல்ட்டு நட்டு எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"எல்லாப் பக்கமும் இப்படித்தானுங்களா மாப்ளே?"

"ஆமாங்க மாமா."

"அப்ப, கழட்டுனா வந்துருமுங்க."

"வந்துருமுங்க."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே கழன்று கிடந்த நட்டு ஒன்றை எடுத்து, வேட்டியில் துடைத்து, போல்ட்டில் போட்டு விரலால் திருகிவிட்டு எழுந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்பார்களே, எனக்கு அந்த வசதியும் இல்லை, கான்கிரீட் போட்டது நானேதான்.

அவர் சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பினார். "மாப்ளை அப்பவே சொன்னாருங்க, இது செவுத்துல கட்டறதில்லைன்னு. நாந்தான் அவசரப்பட்டுக் கவுறு போடச் சொல்லிப்போட்டேன். வாங்க, எல்லாரும் சாப்படலாமுங்க" என்றார். நான் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. பழியைத் தன் தோளில் போட்டுக்கொண்டு எல்லோரையும் இலைக்கு அழைத்துப் போனார். என்னை முதல் இலையில் உட்கார வைத்தார்.

மறுநாள் காலையில் நான் போனபோது அவர் எனக்கு முன்னால் வந்திருந்தார். கொத்தனார் ஒருவர் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார். ஷட்டருக்கு விட்ட திறப்பில் நிலவை நிறுத்தி, இரண்டு பக்கமும் செங்கல் தூண் எழுப்பச் சொல்லியிருந்தார். நிலவின் அடிக்கட்டை தரையை வெட்டிக் கான்கிரீட்டில் இறங்கியிருந்தது. கடப்பாரை வைத்தாலும் அசையாது.

"நிலவு மட்டும் நம்மளுதா இருந்துட்டுப் போகட்டுங்க மாப்ளே. மிச்சமெல்லாம் உங்க இஷ்டமுங்க."

அந்தக் குரலில் கோபம் துளியும் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன், கணக்கு நேராகியிருக்கும். நான் ஷட்டர் யோசனையை விட்டுவிட்டு, தூண்களோடு சேர்த்து என் தகட்டுச் சுவரைப் பூட்டினேன்.

பட்டறை ஓடியது. நன்றாகவே ஓடியது. வெயிலில் கொதித்தது, மழையில் காது கிழிந்தது, ஆனால் காற்றுக்கும் ஆடவில்லை. கேலி பேசியவர்களும் ஷாஃப்ட்டோடு வந்து நின்றார்கள். மாமனார் தினமும் சாயங்காலம் ஒருமுறை வருவார். செருப்பை ரோட்டுப் பக்கம் கழற்றிவிட்டு, நிலவில் தலை இடிக்காமல் குனிந்து, வலது காலை எடுத்து வைத்து வருவார். இரும்புத் தூள் காலில் குத்தும், செருப்போடு வாங்க என்று எத்தனையோ தடவை சொன்னேன். "நிலவு வெச்ச எடமுங்க" என்பார். கொஞ்ச நேரம் லேத்தைப் பார்த்துவிட்டுப் போவார். சுவரைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. அவர் வந்து நிற்கும்போதெல்லாம் அந்தச் சுவர் முழுக்க நட்டாகத்தான் என் கண்ணுக்குத் தெரியும்.

தொண்ணூறுகள் முடியும் தறுவாயில் குரும்பபாளையம் போகிற வழியில் எனக்குச் சொந்த இடம் அமைந்தது. இதற்காகத்தானே இத்தனையும். ஆனால் அதை மாமனாரிடம் நேராகச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மனைவியைச் சொல்லச் சொன்னேன். அவள் சொல்லிவிட்டு வந்தாள். என்ன சொன்னார் என்று கேட்டேன். "நல்ல நாள் பாத்தாச்சுங்களான்னு கேட்டாருங்க" என்றாள்.

பிரிக்கிற நாளன்று கூரை இறங்கியது, தகடு இறங்கியது. நட்டுகள் கொஞ்சம் துருப்பிடித்திருந்தாலும் ஸ்பானருக்கு மசிந்தன. வரைந்தபோது நினைத்தமாதிரியே ஒவ்வொரு துண்டாகக் கையோடு வந்தது. ஒரு பொருள்கூட வீணாகவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த வேலையிலேயே கச்சிதமானது அதுதான். மத்தியானத்துக்குள் எல்லாம் லாரியில் ஏறிவிட்டது. வெறும் தரையும், தரையின் ஓரத்தில் போல்ட்டுகளும், ரோட்டைப் பார்த்தபடி செங்கல் தூண்களுக்கு நடுவில் அந்த நிலவும் மட்டும் நின்றன. சுற்றிலும் வெட்டவெளி.

மாமனார் தோப்புப் பக்கமிருந்து வந்தார். நான் தரையின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். அவர் வந்த வழியில் நேராக நாலடி வைத்தால் என்னிடம் வந்துவிடலாம், மறிக்க ஒன்றும் இல்லை. அவர் அப்படி வரவில்லை. தரையின் ஓரமாகவே சுற்றிக்கொண்டு ரோட்டுப் பக்கம் போனார். செருப்பைக் கழற்றினார். நிலவில் குனிந்து, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார்.

"ஒண்ணும் உட்டுப்போட்டுப் போகலீங்களே மாப்ளே?"

"இல்லீங்க மாமா" என்றேன். நிலவு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது.

"செரீங்க. பாத்துப் போங்க" என்றார். மறுபடியும் அதே வழியில் குனிந்து வெளியே போனார். செருப்பை மாட்டிக்கொண்டு, சுற்றி நடந்து, தோப்புக்குள் போய்விட்டார்.

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். நிலவு வழியாகப் போகலாம் என்று இரண்டடி எடுத்து வைத்தேன். அதற்குள் குனிந்து போக எனக்கு முகமில்லை. திரும்பி, சுவர் இருந்த பக்கமாக இறங்கி நடந்தேன்.